வால் நுனி

குட்லாடம்பட்டி அருவியில் தண்ணீர் இல்லை.
அதைத் தாண்டி நாலு மணி நேரம் ஏறினால்
ஆனைச்சகதி.
ஆனை வந்து நூறு வருஷம் இருக்கும் என்றான் மொக்கைச்சாமி.
பேர் மட்டும் இன்னும் இறங்கிப் போகவில்லை.

மலைத்தலையில் இப்படி ஓர் ஈரம்,
யாரோ துடைக்க மறந்ததுபோல.
முதல் அடியில் என் இடது செருப்பை வாங்கிக்கொண்டது.
அடுத்ததில் ஜெயசீலியை முழங்கால்வரை.
கோரைக்கு நடுவே காட்டுமாட்டுக் குளம்படிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர்,
அதற்குள் தலைப்பிரட்டைகள்,
காலை எட்டரை டவுன் பஸ் நெரிசல்.

தேடி வந்தது ஓர் ஊசித்தட்டான்.
தீக்குச்சி நீளம், நெஞ்சில் மஞ்சள் கோடு.
கல்லூரி அலமாரியில் ஒன்று இருக்கிறது,
குண்டூசியில், நிறம் செத்து.
சீட்டில் பழுப்பு மை:
சிறுமலை. செப்டம்பர். மழை.
வருஷத்தை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

பதினோரு மணிவரை வலையில் விழுந்தவை:
கொசு, ஒரு பொன்வண்டு, என் துப்பட்டா.
அப்புறம் ஜெயசீலி கையை உயர்த்தினாள்.
கோரைத்தாளில், சிலந்தி நூலில்,
தலைகீழாக
மஞ்சள் கோடு.

லென்ஸ் பிடித்தேன்.
இறக்கை நரம்பு, சரி.
கண்ணுக்குப் பின்னால் பொட்டு, சரி.
வயிற்றுக் கணுக்களை எண்ணினேன்.
ஏழு, எட்டு.
பத்து இருக்க வேண்டும்.
இன்ன இனம் என்று சொல்லும் இடுக்கி
அந்தக் கடைசி நுனியில்தான் இருக்கும்.

“செத்ததுக்கும் இனம் பாக்காம விடமாட்டீகளோ?”
மொக்கைச்சாமி சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
ஜெயசீலி லென்ஸைத் துடைத்தாள்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

சிலந்தி தின்றதோ, உதிர்ந்ததோ.
வலைக்குக் கீழே மூன்று பேரும் மண்டியிட்டு
கடுகளவு வாலைத் தேடினோம்.
அட்டை ஏறியது. பொருட்படுத்தவில்லை.
போதும் என்று நாங்கள் எழுந்த பிறகும்
அவன்தான் விரலால் சேற்றை விலக்கிக்கொண்டிருந்தான்,
குழம்பில் கல் பொறுக்குகிறவன்போல.

வாடிப்பட்டியிலிருந்து பஸ்.
மடியில் தீப்பெட்டி, காலில் ஒற்றைச் செருப்பு.
பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுருக்கி
ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

பதிவேட்டில் பெயர் என்ற கட்டம்.
சமயநல்லூர் போனது. பரவை போனது.
வைகைப் பாலத்துக்கு முன்னால்
பஸ் குலுங்காத ஓர் இடம் பார்த்து எழுதினேன்:
எட்டுக் கணு.
மிச்சம் மலையில்.