ஏழாம் மாடி

பதினோராவது கதையில் ஒரு 'நான்'.
மருத்துவமனை கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிய அப்பாவைப் பார்க்க
கப்பல் பட்டறையிலிருந்து ஓடி வருகிறான்.
தோ பாயோ, எண்பத்தாறு, விடாத மழை.
"ஏழாம் மாடியில் மின்தூக்கி திறந்தது.
அப்பா என் கையைப் பிடித்தபடியே போனார்."

ஜெய்லானி கோப்பியைத் தள்ளிவைத்துவிட்டு
சிவப்புப் பேனாவை எடுத்தார்.
"அந்தக் காலத்து புளோக்.
ஒன்று, ஐந்து, ஒன்பதில்தானே நிற்கும்?
எழுதின பிள்ளை அப்போது பிறந்திருக்காது.
ரெண்டு மார்க் குறைங்க."

எனக்கும் தெரியும்.
நாங்களும் ஏழில்தான் இருந்தோம்.
வெறுங்கையோடு வந்தால் ஐந்தில் இறங்கி ஏறுவோம்.
அரிசி மூட்டை இருந்தால்
ஒன்பதில் இறங்கி, படியில் இழுத்துக்கொண்டு கீழே.

தாளைத் திருப்பி மறுபடி வாசித்தேன்.
மழையில் வந்தவனின் சட்டை நனைந்ததாக இல்லை.
அப்பா பிடித்தது எந்தக் கை என்றும் இல்லை.
கீழ்த்தளத்துக் கல்மேசையில்
யாரோ விட்டுப்போன சீனச் சதுரங்கக் காய்கள் மட்டும்
எண்ணிக்கையோடு இருக்கின்றன:
பத்தொன்பது.
ஒரு காய் விளிம்பு உடைந்தது.

ஓடுகிறவன் எண்ணுவானா?

"பிழை எழுதினவருடையது இல்லை, ஜெய்லானி.
இவன் மேலே போகவே இல்லை."

"அப்படியென்றால் ஒரு குறிப்பாவது வைத்திருக்க வேண்டாமா?"

"பத்தொன்பது."

அவர் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.
பக்கத்து மேசையில் தட்டுகளை அடுக்கும் சத்தம்.
"அறியாமல் எழுதினதுக்கு
நீங்கள் உட்கார்ந்து ஒரு கதை கட்டுகிறீர்கள்."

இருக்கலாம்.
விவரம் தெரியாதவன் எழுதினாலும்
தெரிந்தே ஒருவன் மறைத்தாலும்
தாளில் விழுவது அதே வரிதான்.
"ஏழாம் மாடியில் மின்தூக்கி திறந்தது."
எழுத்துக்கு எழுத்து அதேதான்.

பேரம் பேசி அரை மார்க்கில் முடித்தோம்.
ஆறுதல் பரிசுப் பட்டியலில்
கடைசியில் சேர்த்தோம்.

எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம் என்று
ஜெய்லானி கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அம்மாவின் இடது கை என்று சொல்லியிருப்பேன்,
சில்லென்று இருந்தது என்றும்,
தங்கையிடம் வருஷா வருஷம் சொல்வதைப் போலவே,
கேட்காத விவரங்களோடு.

அந்த புளோக்கைப் புதுப்பித்துவிட்டார்கள்.
இப்போது மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது.
போய்ப் பார்த்தாலும்
ஒன்றும் தெரியாது.