வரவுப் பக்கம்

மில்லைப் பூட்டிய மாதம்
வேலுத்தாயின் கழுத்தை விட்டுப் போன சங்கிலி
நோட்டில்
வரவுப் பக்கம் இருக்கிறது.
அதன் கீழே
மச்சினன் கைமாத்தாகத் தந்த இரண்டாயிரம்.
எதிர்ப் பக்கம் முழுக்க
என் பித்தப்பைக் கல்.

இப்போது கீழமாசி வீதியில்
பொட்டலம் கட்டுகிறேன்.
வில்லாபுரம் வரை நடந்தே வந்து
பஸ் காசைக் கடுகு டப்பாவில் போடுகிறேன்.
சொன்னதில்லை.

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு
ஜன்னலில் விழும் தெருவிளக்கில்
அவள் கணக்குக் கூட்டுவாள்.
கூட்டி, மறுபடி கூட்டி,
‘வந்த வழி தெரியாதது: பன்னிரண்டு’
என்று எழுதுவாள்.
கேட்டதில்லை.

இன்றைக்கு எட்டிப் பார்த்தேன்.
செலவுப் பக்கம், கடைசி வரி:
செருப்பு தைக்க, முப்பது.

வார் அறுந்ததை
நான் இன்னும்
வாயே திறக்கவில்லை.