மறைக்கல்விப் பதிவேடு

புயலின் வால் எங்கள்மேலும் பட்டது.
ஏற்காட்டில் இரண்டு நாள் மின்சாரமில்லை.
எஸ்டேட்டில் நாற்பது சில்வர் ஓக் சாய்ந்தன,
சுற்றியிருந்த மிளகுக் கொடியை விடாமல்.
அவ்வளவுதான் எங்களுக்கு.
தலை விழுந்த இடம் ஒரு தீவு.

பூசை முடிந்ததும் ஃபாதர் லியோ
பிரசங்க மேடையிலிருந்தே கூப்பிட்டார்:
"கிளாடிஸ், கணக்கு நீ எழுது."
புது நோட்டு வாங்கக் கடை திறக்கவில்லை.
மறைக்கல்வி வகுப்பின் வருகைப் பதிவேட்டில்
பாதிக்கு மேல் வெறுந்தாள்.
வந்தவர், வராதவர் என்று அச்சடித்த கட்டங்களின் மேலேயே
எழுதத் தொடங்கினேன்.

கம்பளி பதினேழு.
கடற்கரைக்குக் கம்பளி எதற்கென்று யாரும் கேட்கவில்லை,
குளிர்தான் எங்களுக்குத் தெரிந்த கஷ்டம்.
காப்பித்தூள் ஒன்பது கிலோ.
குரங்குக் குல்லாய் நான்கு.
இடதுகால் செருப்பு ஒன்று, வலது பின்னால் வருமென்றார்கள்.
வரவில்லை.
ஜரிகை போட்ட கல்யாணப் புடவை,
மடிப்பில் இன்னும் பூச்சி உருண்டை வாசம்.
பெயர் வேண்டாம் என்றாள் கொடுத்தவள்.
யார் புடவை, ஏன் என்று
ஊருக்கே தெரியும்.

நாகலூரிலிருந்து சடையன் வந்தார்,
தலையில் ஒரு மூட்டை சாமை.
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வராமல் நின்றார்.
"எங்க சாமி சேர்வராயன், உச்சிக் குகையில இருக்கு.
அது கோவிச்சுக்காது, எழுதிக்க."
பிறகு கேட்டார்:
"அந்தத் தீவுக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு?"
வளைவே இல்லை, எல்லாம் தண்ணீர் என்றேன்.
"அப்ப காத்து எங்க நின்னு மூச்சு வாங்கும்?"
அதை எழுத என்னிடம் கட்டமில்லை.

கீழே செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
ஆறு மூட்டை ஜவ்வரிசி ஏற்றிவிட்டார் தனகோபால்.
"ரசீது வேணாம் சாமி.
லாரியில பேனர் மட்டும் கட்டாதீங்க."
ஃபாதர் முகம் சிவந்து,
சுருட்டி வைத்திருந்ததைக்
காலாலேயே சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

மூன்றாம் நாள் தீவிலிருந்து போன்.
சிஸ்டர் ரெஜினாள்.
மணிக்கூண்டில் ஏறினால்தான் சிக்னல்,
அந்தக் கூண்டும் இப்போது பாதிதான்.
"துணி போதும். துணிமேல்தான் நடக்கிறோம்.
தண்ணீர் கேன் அனுப்புங்கள். வலை பின்ன நூல்.
பெட்டி செய்யப் பலகை,
இங்கே தென்னை தவிர மரமில்லை."
என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை.

சாய்ந்த மரங்களைக் கேட்டதும்
எஸ்டேட் மேனேஜர் கொஞ்சம் தயங்கினார்,
பிறகு அறுவை மில் சாவியையே நீட்டினார்.
ஈரப் பலகை, பச்சை வாசம்.
ஞானசிகாமணியும் அவர் மச்சானும்
விடிய விடிய ஆளுயரத்துக்கு அளந்து அறுத்தார்கள்.
சிலவற்றைக் குட்டையாகவும் அறுத்தார்கள்.
அப்போது மட்டும் யாரும் பேசவில்லை.

லாரி இருபது வளைவும் இறங்கி
அடிவாரம் சேர்ந்த நேரம் மறுபடியும் போன்.
"பெட்டி வேண்டாம்.
போனவர்களைக் கடல் திருப்பித் தரவில்லை.
பலகை வரட்டும், கதவு செய்துகொள்கிறோம்.
எட்டு வீட்டுக்குக் கதவில்லை.
ஆனாலும் ராத்திரி யாரோ கதவைத் தட்டுவதாக
எழுந்து எழுந்து உட்காருகிறார்கள்."

பிறகு பெயர்களைச் சொன்னார்,
ஞாயிறு பூசையில் வாசிப்பதற்கு.
காற்றிரைச்சலுக்குள் எழுத்தெழுத்தாக.
மிக்கேல் பர்னாந்து.
அவன் தம்பி.
தம்பியின் பெயரைக் கேட்பதற்குள் லைன் அறுந்தது.

நோட்டில் புதுப்பக்கம் திருப்பினேன்.
அதே இரண்டு கட்டம்.
ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு
வாரந்தோறும் நான் கோடு போடும் கட்டம்.
பேனாவை மூடினேன்.
மழையில் நனைந்து பிந்தி வரும் பிள்ளைகளுக்கென்று
எப்போதும் வைத்திருக்கும் பென்சிலைத்
தேடி எடுத்தேன்.