மீன் சுற்றிய தாள்

இருபத்திரண்டு வருடம்
பிறர் எழுதியதை அடித்தே பிழைத்தேன்.
தாளுக்கு இரண்டு ஸ்கில்லிங்.
பஞ்சாங்கமோ பிரசங்கமோ
பசுவின் பேதிக்குக் கைமருந்தோ
என் மேசையைத் தாண்டாமல்
கோபன்ஹேகனில் எதுவும் அச்சேறியதில்லை.

செப்டம்பரில் அரசாணை வந்தது:
இனி எவரும் எவரையும் கேளாமல் அச்சடிக்கலாம்.
பழக்கதோஷம்,
அதையும் சிவப்பு மை தொட்டே வாசித்தேன்.
இரண்டாம் வரியில் ஒரு காற்புள்ளி தப்பு.

அடுத்த வாரமே
ஊருக்குப் பேதி கண்டது, காகிதப் பேதி.
மேயரின் பொய்முடி பற்றி ஒன்று,
கிடங்குக்காரனின் தராசு பற்றி ஒன்று,
எழுத்து வாசனையற்ற நீதிபதியின்
மூக்குக்கண்ணாடி பற்றி மூன்று பாகம்.
பாதிக்கு மேல் குப்பை.
அதைச் சொல்ல இன்று எனக்குச் சம்பளமில்லை.

கால்வாய்க் கரையில் சித்ஸெல்
ஹெர்ரிங் மீனைச் சுற்றிக் கொடுத்தாள்.
"படிச்சவர்தானே, இதுல என்ன போட்டிருக்கு?"
செதில் ஒட்டிய விரலால் தொட்டுக் காட்டினாள்.
வாசித்தேன்.

தேவன் தம் கையெழுத்துப் பிரதியைத்
தணிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு
தொப்பியைக் கழற்றி வாசலில் நிற்கிறார்.
வெளிச்சம் உண்டாகக்கடவது.
ஓரத்தில் குறிப்பு: யார் செலவில்?
மெழுகுவர்த்தி வியாபாரிகள் மனம் புண்படும். நீக்குக.

கூட்டம் கூடிவிட்டது.
மீன் கூடைகளுக்கு நடுவே
பிரசங்க பீடத்தில் ஏறியவன்போல்
குரலை உயர்த்தினேன், ஒப்புக்கொள்கிறேன்,
சுகமாக இருந்தது.

அடுத்த வரியில் என் பெயர்.
கண் தானாகத் தாண்டிக் குதித்தது.
இருபத்திரண்டு வருடப் பயிற்சி,
நாக்குக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு வரி விட்டுட்டீங்க" என்றான்
பீப்பாய் உருட்டும் பையன்.
அவனுக்கு எழுத்துத் தெரியாது.
அவன் அண்ணன் சத்திரத்தில் தினமும்
அந்த வரியை மட்டும் சொல்லிச் சிரிப்பானாம்.

திரும்பிப் போய் வாசித்தேன்:
சாத்தானைப் படைப்பதில் ஆட்சேபமில்லை,
அவன் அரசாங்கத்தைப் பற்றி
ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.
ஒப்பம், செவரின் ஹோல்க்.

சித்ஸெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
"அந்த ஆளு இன்னும் உசிரோட இருக்கானா?"
"இருக்கிறான்.
உனக்கு நாலு ஸ்கில்லிங் பாக்கி வைத்திருக்கிறான்."

ஒரு நொடி,
படகுகள் கல்லில் உரசும் ஓசை மட்டும்.
பிறகு அவள் சிரித்த சிரிப்பில்
மேல்கூடை மீன் ஒன்று நழுவி விழுந்தது.
நானும் சிரித்தேனா என்று
பையனைத்தான் கேட்க வேண்டும்.

இரவு. உள்ளே போதில் மீன் பொரிக்கிறாள்.
நாற்றத்தோடு தாள் சன்னலில் காய்கிறது.
எனக்கென்று ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தேன்.
வீட்டில் சிவப்பைத் தவிர வேறு மை இல்லை.
நான் நினைக்கிறேன், என்று எழுதி
யார் அனுமதியில் என்று ஓரத்தில் கேட்டு
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.
எழுதியது எது, அடித்தது எது,
எல்லாம் ஒரே நிறம்.

தாள் பாதியில் கிழிந்திருக்கிறது.
தேவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனாரா,
இன்னும் வாசலில்தான் நிற்கிறாரா,
மறுபாதி எவர் வீட்டு மீனைச் சுற்றிப் போனதோ.

விடிந்ததும் கால்வாய்க்குப் போக வேண்டும்.
போதிலுக்குத்தான் ஹெர்ரிங் பிடிக்கும்.
எனக்கு ஆகவே ஆகாது.