நான்கு சாப்பாட்டு நாற்காலிகள்

வால்பரைசோவில் பொறியாளர் பதிவகம்
பழைய சுங்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடி.
மின்தூக்கி ஓடாது.
சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்,
பத்தொன்பது வருடமாகப் படியேறுகிறவள் நான்.

என் மேசைக்கு வருபவர்கள் எல்லோரும்
ஆக வருபவர்கள்.
பட்டம், மதிப்பெண், இரண்டு புகைப்படம்,
மூத்தவர் ஒருவரின் கையொப்பம்.
எல்லாம் இருந்தால் முத்திரை.
ஒன்று குறைந்தால்
வியாழக்கிழமை வாருங்கள்.

எலுத்தேரியோ பஸ்குன்யான் செவ்வாயன்று வந்தார்.
சட்டைப் பித்தான் ஒன்று துளை மாறியிருந்தது.
அட்டையை மேசையில் வைத்து
இதைத் திருப்பித் தர எந்தப் படிவம் என்றார்.

சேர உண்டு. தொலைந்தால் உண்டு.
பெயர் மாறினால், ஆள் இறந்தால்கூட உண்டு,
அதை மனைவி நிரப்ப வேண்டும்.
திருப்பித் தர இல்லை.

காரணம் கேட்டேன்,
ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டுமே.

பள்ளத்தின் மேலுள்ள நடைபாலம் அவர் போட்டது.
ஆறு வருடம் கழித்து நகராட்சி
அதன் வயிற்றுக்கடியில் தண்ணீர்க் குழாய் பதித்தது.
தாங்கும் என்று கையெழுத்திட்டவரும் அவர்தான்.
சனிக்கிழமை இரவு
மீனில் முள் எடுக்கையில் பொறி தட்டியிருக்கிறது:
குழாயின் எடையைக் கூட்டினேன்,
உள்ளே ஓடும் தண்ணீரைக் கூட்டினேனா?

பரணிலிருந்து தாள்களை இறக்கிப் பார்த்தார்.
இல்லை.

நகராட்சியில் திங்கட்கிழமை என்றார்கள்.
நான்கு சாப்பாட்டு நாற்காலிகளையும் தூக்கிப் போனார்.
இரண்டு இந்த முனைக்கு.
மீதி இரண்டோடு, அந்த முனைக்குப் போக,
ஒரே ஒரு முறை
அவரே பாலத்தின் மேல் நடந்தார்.
எப்படி நடந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு.
அந்த நாற்காலிகளை எனக்குத் தெரியும்.
ஞாயிறு விடிகாலை, ரொட்டிக் கடைக்கு எதிர்முனையில்,
பனியில் நனைந்த ஒருவன் கயிறு கட்டி மறித்தான்.
மீன்சந்தைக்காரர்கள் காறித் துப்பினார்கள்.
குடிகாரன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து
காலை உணவு எங்கே என்றான்.
நான் கேட்டேன்:
பாலம் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா?

தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவன் சொன்னான்,
என்னுடையதுதான், அம்மா.

இருநூற்றுப் பதினான்கு படி இறங்கி
அவ்வளவும் ஏறி ரொட்டி வாங்கினேன்.
ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு.

பாலம் விழவில்லை. யாரும் சாகவில்லை.
பாதை அடைப்பு, மக்கள் அவதி என்று
செய்தித்தாளில் நான்கு வரி.
இப்போது அடியில் முட்டுக் கொடுக்கிறார்கள்.

அவருக்கு என் முகம் நினைவில்லை.
நான் இரண்டு முறை தொண்டையைச் செருமினேன்.
பிறகு, பழக்க தோஷம்,
வியாழக்கிழமை வாருங்கள் என்றேன்.
அட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.
எடுக்கவில்லை.

போகும்போது ஓடாத மின்தூக்கியருகே நின்றார்.
எட்டுப் பேர், அறுநூறு கிலோ
என்ற தகட்டைப் படித்தார்.
உதடுகள் அசைந்தன,
யாரோ எட்டுப் பேரை
ஒவ்வொருவராக உள்ளே ஏற்றுவதுபோல்.