மூன்று தரம்

ஒன்பது பேர் பேசி முடித்தாயிற்று.
பொன்னாடைகள் நாற்காலியில் குவிந்து கிடக்கின்றன.
சட்டத்தரணிகள் சங்கச் செயலாளர்
"நீதித்துறையின் விடிவெள்ளி" என்றபோது
நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.
ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

என்னைப் பேசக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் வராது.
இருபத்தொரு வருடமாக நான் வாய் திறந்ததெல்லாம்
பெயர் கூப்பிடத்தான். ஆளுக்கு மூன்று தரம்.
வேம்படியில் வெற்றிலை போட்டவன்
துப்பிவிட்டு ஓடி வருவான்.
உங்கள் பெயரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.
தவமலர் அரியகுட்டி:
பலகையில் துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஊர்காவற்றுறையில் நீங்கள் நீதவான்.
நெடுந்தீவில் ஒரு மரண விசாரணை.
குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதே காற்றுச் சரியில்லை.
நடுக்கடலில் சத்தி எடுத்தீர்கள்,
ஏடுகளை மட்டும் நனையவிடாமல்
சேலைத் தலைப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு.
இறங்கி, வாய் கொப்பளித்து,
பனங்கூடலுக்குள் கிடந்த பொடியனின் அருகே
மண்ணில் குந்தினீர்கள்.
விழுந்து செத்தான் என்று பொலிஸ் சொன்னது.
நீங்கள் கால்களைப் பார்த்தீர்கள்.
"செருப்பு எங்கே?"
அங்கேதான் வழக்குத் திரும்பியது.

பிறகு கொக்குவில் வேலி. எட்டு அங்குலம்,
அண்ணன் தம்பி, பதினேழு வருடம்.
நில அளவையாளரோடு வெயிலில் நீங்களும் நடந்தீர்கள்.
இரண்டு வீட்டிலும் இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள்.
நீங்கள் போத்தல் தண்ணீரைக் குடித்தீர்கள்,
ஆகவே நானும் போத்தல் தண்ணீர்.
திரும்பும்போது ஜீப்பில் மெதுவாகச் சொன்னீர்கள்:
"நல்ல செவ்விளநீர், என்ன?"

எல்லாம் சரியாகச் செய்தீர்கள் என்று சொல்லமாட்டேன்.
இணுவில் பெண்ணின் தாபரிப்பு வழக்கில்
தவணைக்கு மேல் தவணை கொடுத்தீர்கள்.
கடைசித் தவணைக்கு அவள் வரவில்லை.
கிணறு என்று பிறகு கேள்விப்பட்டோம்.
அன்று அடுத்த ஏட்டைத் திறக்க
உங்களுக்கு நேரமெடுத்தது.

நான் சொல்ல வந்தது இதுவுமல்ல.

மேல் நீதிமன்றம். ஆட்கொணர்வு மனு.
மனுதாரர் நாவாந்துறை மரியதாஸ் திரேசம்மா.
அவளைக் கூப்பிட்டேன், வந்து நின்றாள்.
நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள்.
"கொண்டுவரச் சொல்லித்தானே கேட்டிருக்கிறா.
அவரையும் கூப்பிடுங்கோ, ஆராச்சியார்."

மரியதாஸ் றெஜினோல்ட்.
மரியதாஸ் றெஜினோல்ட்.
மரியதாஸ் றெஜினோல்ட்.

பண்ணைக் காற்றில் கதவு கொஞ்சம் ஆடியது.
முதலியார் "ஆள் இல்லை" என்று எழுதப் போனார்.
"இல்லை என்று எழுதாதேங்கோ.
வரவில்லை என்று எழுதுங்கோ."

ஏழு வருடம், இருபத்துமூன்று தவணை.
ஒவ்வொரு தரமும் தாய் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.
நீங்களும் பார்த்தீர்கள்.
பேசிய ஒன்பது பேருக்கும் அது தெரியாது;
சட்டத்தரணிகளின் முதுகுதானே கதவுப் பக்கம்.
எனக்குத் தெரியும்.
நீங்கள் பார்த்த கதவில் நின்றது நான்.

ஏற்புரை இரண்டு நிமிடம்.
"முடிக்காத வழக்குகள் நூற்றுப் பதினாறு.
வருகிறவருக்கு ஏடுகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.
மன்னிக்க வேண்டும்."
கைதட்டுவதா இல்லையா என்று சபைக்கு விளங்கவில்லை.

பொன்னாடைகளைக் காரில் ஏற்றினேன்.
கண்ணாடியை இறக்கினீர்கள்.
"றெஜினோல்ட் எப்ப?"
"இருபத்தேழாம் திகதி, செவ்வாய்."
"உங்கட குரல் அடைச்சிருக்கு."
"தடிமன் அம்மா. அதுக்குள்ள மாறிவிடும்."