கடைசித் தேதி

தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள்
பாம்பனில் நங்கூரம் போட்டதும்
கயித்தான் என் மேசைக்கு வந்துவிடுவார்,
மடியில் போன வருஷத்து உயில்.

"இதற்கு முன் எழுதியவை யாவும் ரத்து"
என்று தட்டத் தொடங்குவேன்.
அவருக்குப் பிடித்த வரி அது.
சத்தமாய் வாசிக்கச் சொல்வார், இரண்டு தரம்.

முதல் உயிலில் படகு மூத்தவன் இன்னாசிக்கு.
அடுத்ததில் அவன் பெயர் இல்லை;
காரணம் கேட்கிற வழக்கம் எனக்கில்லை.
மூன்றாவதில் மகள் பிலோமி.
நான்காவது எழுதும்போது படகே இல்லை,
காரைநகரில் பிடிபட்டு
மழை குடித்துக் கிடந்தது.
"இருந்தாலும் எழுதும்" என்றார்.
எழுதினேன்,
வராத படகுக்கும் ஒரு வாரிசு.

செட்டில்மெண்டாய்க் கொடுத்துவிடுமே,
வருஷா வருஷம் அலைச்சல் மிச்சம் என்றேன் ஒருமுறை.
"நங்கூரம்னா தூக்க வரணும் ஓய்.
தூக்க வராதது பாறை."

இந்தத் தடைக்காலத்தில் வந்தது பிலோமி.
மஞ்சப்பையில் நாலு உயில்,
ஒரு இறப்புச் சான்று.
எது செல்லும் என்றாள்.
கடைசித் தேதி போட்டது என்றேன்,
சட்டம் படித்தவன் போல.

என் இழுப்பறையில் ஐந்தாவது ஒன்று இருக்கிறது.
மாசியில், பருவம் தப்பி வந்து
பென்சிலால் அவரே கிறுக்கியது:
"வலை, அடுத்து யாரு கடலுக்குப் போறாகளோ
அவுகளுக்கு."
கையெழுத்துக்குத் திங்கட்கிழமை வருவதாய்ச் சொன்னார்.

அதை எடுக்கவில்லை.
வலை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.
கொட்டகையில், என்றாள்.
எலி கடிக்குது.